முடிவைத் தேடிப் படிக்கிறவர்கள் இங்கே வரவும்

பிடித்த தொடரில் அடுத்து என்ன ஆகும் என்று தாங்க முடியாமல் முன்கூட்டியே தேடிப் பார்த்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள். ஒரே நிபந்தனை, இங்கே யாரும் எந்தக் கதையையும் போட்டு உடைக்கக் கூடாது.

உறையூர் மருமகள்:
எங்கள் வீட்டில் பிக் பாஸ். 2017இல் கமல் நடத்த ஆரம்பித்த காலத்திலிருந்தே, வார இறுதி எபிசோடை முன்னதாகவே எடுத்துவிடுவார்கள் என்பது ஊரறிந்த விஷயம். யார் வெளியேற்றம் என்பது ஒளிபரப்புக்கு முன்பே யூடியூபில் கசிந்துவிடும். நான் பார்த்துவிடுவேன். மாமியார் மட்டும் "எங்கிட்ட சொல்லிடாதம்மா" என்று கும்பிடுவார். கொஞ்ச நேரம் போனதும், வெங்காயம் உரித்துக்கொண்டே, "நம்ம பிள்ளை இல்லதானே?" என்பார். இல்லை என்றால் அடுத்த கேள்வி, "ஆணா, பொண்ணா?" இப்படியே கேட்டுக் கேட்டு ஆளைப் பிடித்துவிடுவார். ஆனால் நான் சொன்னதாகக் கணக்கில்லை.

கமல் நடத்திய வருஷங்களில், ராத்திரி அவர் வெளியேறுகிறவர் பெயர் எழுதிய கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, நிதானமாகப் பேசி, விளம்பரத்துக்கு விட்டு, திரும்ப வந்து இழுப்பார். நாங்கள் கார்டைப் பார்ப்பதே இல்லை. போகப்போகிறவன் முகத்தைத்தான் பார்ப்போம். "தனக்கில்லைன்னு சிரிச்சுக்கிட்டு இருக்கான் பாரு, பாவம்" என்பார் மாமியார். விஷயம் தெரியாதவர்களுக்கு அந்தச் சிரிப்பு கண்ணிலேயே படாது. அதனால் எனக்கு இதில் குற்ற உணர்ச்சியெல்லாம் கிடையாது.

தாம்பரம் லோக்கல்:
நீங்கள் தேடிப் போனீர்கள், சரி. என்னைத் தேடி வந்ததே! ரிப்ளை 1988 பார்த்துக்கொண்டிருந்தேன். கொரியத் தொடர், 20 எபிசோட், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு சினிமா நீளம். ஒரே தெருவில் வளரும் ஐந்து பேர். நாயகி யாரைக் கட்டிக்கொண்டாள் என்பதை மூடியே வைத்திருப்பார்கள். அதில் வந்த ஒரு பாட்டைத் தேடலாம் என்று தொடரின் பெயரை அடித்தால், அடித்து முடிப்பதற்குள் 'கணவர் யார்' என்று கீழே பரிந்துரை வந்து நிற்கிறது. பாட்டாவது ஒன்றாவது! தொட்டுவிட்டேன். நான் ஆசைப்பட்ட பையன் இல்லை. அப்புறம் அவன் வரும் காட்சியிலெல்லாம் ஒரே எரிச்சல், 'உனக்குத்தான் இல்லையேடா, நீ ஏண்டா இப்படி உருகுறே' என்று.

பழைய புத்தகம்:
கேம் ஆஃப் த்ரோன்ஸ் என்ற அமெரிக்கத் தொடரில் அந்தக் கல்யாண எபிசோட் வந்தது 2013 ஜூனில். அந்தக் கதை வரும் மூலப் புத்தகம் 2000இலேயே கடைக்கு வந்துவிட்டது. படித்தவர்களில் சிலர், பக்கத்தில் இருப்பவர்களின் முகத்தைப் படம்பிடிக்கவே கேமராவோடு உட்கார்ந்திருந்தார்கள். நானும் படித்தவன்தான். கதவைச் சாத்தி, வாத்தியக்காரர்கள் பாட்டை மாற்றியதும் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. அறைத்தோழன் முறுக்கு கடித்துக்கொண்டிருந்தான்.

காவிரிக்கரை:
2011இல் சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிறுகதைகளை வைத்துச் சோதித்தார்கள். முடிவை முன்பே தெரிந்துகொண்டு படித்தவர்கள்தான் அதிகம் ரசித்தார்களாம். ஆனால் அது சிறுகதை. ஒருவனுக்காக வாரக்கணக்கில் உருகிப் பார்த்தவர்களிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் அடி விழும்.

உறையூர் மருமகள்:
எல்லாம் இருக்கட்டும். தாம்பரம், அந்த 1988 மாப்பிள்ளை யார்? நேற்றுதான் இரண்டாவது எபிசோட் முடித்தேன். பெயர் வேண்டாம், கண்ணாடி போட்டவனா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்.