வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டில் கப்பி மீன் பெருக்குவதற்கு எங்கிருந்து தொடங்குவது?

நீலவால் (வெள்ளவத்தை):

அனைவருக்கும் வணக்கம். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டி ஒன்று உறவினர் வீட்டிலிருந்து எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. மீன்களை அழகுக்காக வைத்திருப்பதோடு நின்றுவிடாமல், பத்தாம் தரத்தில் படிக்கும் மகளும் நானும் சேர்ந்து குஞ்சுகளையும் வளர்த்தெடுக்க விரும்புகிறோம். கடைக்காரர் கப்பியைச் சொல்கிறார். மகளோ ஃபைட்டர் எனப்படும் சண்டை மீனில்தான் கண்ணாக இருக்கிறாள். முதல் முறைக்கு எது பொருத்தம்? குழாய் நீரிலுள்ள குளோரின் மீனுக்கு ஆகாது என்பதால், அதை வாளிகளில் ஒரு நாள் வைத்துவிட்டுப் பாவிக்கும்படி சொல்கிறார்கள். ஆனால் மழைக்காலத்தில் வீட்டுக்குள் நீர் தேங்கி நின்றால் டெங்கு நுளம்பு பெருகிவிடும் என்று மாமி அஞ்சுகிறார், அந்த அச்சமும் நியாயமானதே. குஞ்சுகளைப் பிரிப்பதற்கு பிரீடிங் பொக்ஸ் வாங்கத்தான் வேண்டுமா என்பதையும் அறியத் தாருங்கள்.

கொட்டாஞ்சேனை வாசகர்:

வணக்கம் சகோதரி. கப்பியிலிருந்தே தொடங்குங்கள். அது முட்டையிடாமல் நீந்தும் குஞ்சுகளையே ஈனுவதால், மிக நுண்ணிய உணவைத் தேடி அலைய வேண்டிய முதல் தடை உங்களுக்கு இல்லை. ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண் என்ற அளவில் வாங்குங்கள். ஆண்கள் கூடினால் பெண் மீன்கள் இடைவிடாத துரத்தலில் நலிந்துவிடும். கொழும்பின் வெப்பத்தில் ஹீற்றர் தேவைப்படாது.

ஆனால் மீனை வாங்குவதற்கு முன்னரே செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு, புதியவர்களுடைய மீன்கள் பெரும்பாலும் இறப்பது இந்த இடத்தில்தான். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா உருவாகிறது. அதை ஒருவகை பற்றீரியாக்கள் நைத்திரைற்றாகவும், வேறு சில அதனை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவதை வாராந்த நீர் மாற்றத்தால் கட்டுப்படுத்திவிடலாம். இந்தப் பற்றீரியாக்கள் போதிய அளவு பெருகுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியுள்ள நண்பர் ஒருவரிடம் அவருடைய ஸ்பொஞ்ச் பில்ரரின் பழைய ஸ்பொஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் பில்ரரோடு வைத்தால் அந்தக் காலம் வெகுவாகக் குறையும். அந்த ஸ்பொஞ்சை ஒருபோதும் குழாய் நீரில் கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழிந்துவிடுங்கள்.

குளோரின் பற்றிச் சொல்வதானால், சோடியம் தயோசல்பேற்று அடங்கிய குளோரின் நீக்கி மீன் கடைகளில் கிடைக்கிறது. அதைப் பாவித்தால் நீரைத் தேக்கி வைக்க வேண்டிய தேவையே எழாது. வாளியில்தான் வைப்பீர்களாயின், எயார் பம்ப் ஓடவிட்டு வாயை மெல்லிய துணியால் இறுகக் கட்டுங்கள். நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரமளவில் ஆகும் என்பதால் ஒருநாள் நீரில் ஆபத்துக் குறைவுதான். எனினும் டெங்கு நுளம்பின் முட்டைகள் வாளியின் உட்சுவரில் ஒட்டியபடி நீரின்றியும் மாதக்கணக்கில் உயிருடன் இருக்கக்கூடியவை ஆதலால், வெறும் வாளியைக் கவிழ்த்து வைப்பது போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். மாமியிடம் இதைச் சொல்லுங்கள். அவருடைய கவனம் உங்களுக்குத் துணையாகவே இருக்கும்.

பாசித்தொட்டி (தெஹிவளை):

நண்பர் கூறியதில் எனக்கு மாறுபாடில்லை. பிரீடிங் பொக்ஸ் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்ல விரும்புகிறேன்: வாங்காதீர்கள். நிறைசூலியான மீனை அந்தச் சிறு பெட்டிக்குள் அடைப்பது அதற்குக் கடும் அழுத்தத்தைத் தருகிறது, அதனால் குஞ்சுகள் குறைமாதமாகப் பிறப்பதும் உண்டு. அதற்குப் பதிலாக ஜாவா பாசியையோ மிதக்கும் தாவரங்களையோ தொட்டியின் ஒரு மூலையில் அடர்த்தியாக வளரவிடுங்கள். தாய் மீன் தன் குஞ்சையே உண்ணும் என்பது உண்மைதான். ஆனால் மறைவிடம் இருந்தால் கணிசமானவை தப்பிவிடும். எல்லாவற்றையும் காப்பாற்ற நினைத்தால், நான்கு வாரங்களுக்கு ஒரு முறை ஈனும் மீன்களுக்கு அந்தத் தொட்டி விரைவிலேயே போதாமற்போகும்.

குஞ்சுகளின் வளர்ச்சியைத் தீர்மானிப்பது உணவு. தூளாக்கிய உலர் உணவை நாளுக்கு மூன்று நான்கு முறை, சிட்டிகை சிட்டிகையாக இடலாம். அதனோடு ஆர்ட்டீமியா எனப்படும் மிகச் சிறிய உப்புநீர் இறாலின் முட்டைகளைப் பொரிக்க வைத்துக் கொடுத்தால் வேறுபாடு கண்கூடாகத் தெரியும். ஒரு லீற்றர் நீருக்கு ஏறத்தாழ 25 கிராம் உப்பிட்டு, முட்டைகளைப் போட்டுக் காற்று ஓடவிட்டால் எங்கள் வெப்பநிலையில் ஒரு நாளளவில் பொரித்துவிடும். காற்றை நிறுத்தி ஒரு பக்கம் வெளிச்சம் காட்டினால் அவை அங்கே கூடும், வெற்றோடுகள் மேலே மிதக்கும். கூடியவற்றை உறிஞ்சி எடுத்து நன்னீரில் அலசிய பின் கொடுங்கள். அவித்த முட்டை மஞ்சட்கரு சிறு தொட்டியில் நீரைக் கெடுத்துவிடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

இன்னொன்று. பெண் கப்பி ஒருமுறை இணைந்த பின் ஆணின் விந்தணுக்களைப் பல மாதங்கள் உடலில் சேமித்து வைத்து, மறுபடி இணையாமலே பலமுறை ஈனும். ஆகவே கடையில் வாங்கும் பெண் மீனின் முதல் ஈற்றுகள் நீங்கள் தேர்ந்த ஆணுடையவை அல்ல. மகளுக்கு நிறம் பார்த்துத் தெரிவு செய்யும் ஆர்வம் இருந்தால், குஞ்சுகளை மூன்று நான்கு வார வயதிலேயே கவனித்து, குதச்செட்டை (வயிற்றின் அடியில் பின்புறமுள்ள செட்டை) கூராக நீளத் தொடங்கும் ஆண்களை, பெண் குஞ்சுகளோடு இணைவதற்கு முன் உடனே வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். இந்த வேலைதான் கப்பி வளர்ப்பின் உண்மையான சுவை. பள்ளியில் படிக்கும் மரபியலைக் கண்முன்னே காண இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

நீலவால்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பிரீடிங் பொக்ஸ் எண்ணத்தை விட்டுவிட்டேன். குஞ்சுகள் மிஞ்சினால் அவற்றை அருகிலுள்ள கால்வாயில் விடலாமா? ஃபைட்டரை எப்போது தொடங்கலாம் என்று மகள் கேட்கிறாள்.

கொட்டாஞ்சேனை வாசகர்:

கால்வாயில் விடவே கூடாது. கப்பி தென்னமெரிக்காவின் வடபகுதிக்கும் கரீபியன் பிரதேசத்துக்கும் உரிய மீன். நுளம்புக் குடம்பிகளை உண்ணும் என்று பல நாடுகளில் விடப்பட்டு, அங்கெல்லாம் உள்ளூர் மீன்களோடு போட்டியிடும் இனமாக நிலைத்துவிட்டது. செர்ரி பார்ப், பிளாக் ரூபி பார்ப் போன்ற, இயற்கையில் இலங்கையில் மட்டுமே வாழும் மீன்கள் எங்கள் ஓடைகளில் இருக்கின்றன. அவற்றுக்கு இன்னொரு சுமை வேண்டாம். மிஞ்சுபவற்றைக் கடைக்கோ, தொட்டி வைத்திருக்கும் அயலவர்க்கோ கொடுங்கள். ஆண்களையும் பெண்களையும் பிரித்து வைத்தாலே எண்ணிக்கை பெருமளவு அடங்கும்.

ஃபைட்டரைப் பொறுத்தவரை, ஆர்ட்டீமியா பொரிப்பது மகளுக்குக் கைவந்த பின் தொடங்கலாம். ஆண் மீன் நீர்ப்பரப்பில் நுரைக்கூடு கட்டி முட்டைகளைக் காக்கும். முட்டையிட்டு முடிந்ததும் பெண்ணையும், குஞ்சுகள் கிடையாக நீந்தத் தொடங்கியதும் ஆணையும் அகற்ற வேண்டும். முதல் நாட்களில் குஞ்சுகளுக்கு ஆர்ட்டீமியாவும் பெரிதாக இருக்கக்கூடும் என்பதால் நுண்ணுயிர் நீரை (கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் பெருகிய நீரை) முன்கூட்டியே தயாரித்திருக்க வேண்டும். வளர்ந்த ஆண்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறும் ஆதலால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பாத்திரமும் தேவை. அத்தனை பாத்திரங்களை அடுக்க வீட்டில் இடம் உண்டா என்பதை முதலில் பாருங்கள்.