கிளிநொச்சி இரணைமடுக் குளம் வான் பாயுது (எங்கட வீட்டுக் குழு)

தம்பி: குளம் 36 அடி முட்டிட்டுது, வான்கதவு (மிஞ்சின தண்ணி விடுற கதவு) திறந்திட்டாங்கள். ஒரே சனம், வலை போடுறவை ஒரு பக்கம் செல்ஃபி ஒரு பக்கம்

பெரியப்பா: தள்ளி நில்லடா. 2018 மார்கழி மறந்துபோச்சோ, கண்டாவளைப் பக்கம் சனம் வெள்ளத்தில பட்ட பாடு

லண்டன் சித்தி: நாங்களும் தண்ணிதான் பாத்தனாங்கள் 😀 இங்கிலாந்தில பிங்லி எண்ட இடம், கால்வாயில அஞ்சு தொட்டி படி மாதிரி, 1774இல திறந்தது. படகு கிட்டத்தட்ட 60 அடி மேல ஏறுது, மோட்டர் ஒண்டும் இல்லை

மச்சாள்: எப்பிடி சித்தி ஏறும்??

லண்டன் சித்தி: படகு உள்ள வந்தோண்ண பின்கதவைச் சாத்திப்போட்டு மேல் தொட்டித் தண்ணியை விடுவினம், நிரம்ப நிரம்ப படகும் எழும்பும். கதவு ரெண்டும் தண்ணிப் பக்கம் கூம்பி நிக்குது, தண்ணி தள்ளத் தள்ள இறுகும். சித்தப்பா வீரம் காட்டி அதைத் தள்ளப்போய் நாரி பிடிச்சு ரெண்டு நாளாப் படுக்கை

தம்பி: 😂😂 இஞ்ச வந்து துருசு (குளத்து மதகு) திறக்கச் சொல்லுங்கோ

பெரியப்பா: துருசு லேசுப்பட்ட வேலையில்லை. பெரிய குளத்தில அடியில தண்ணி தள்ளுற தள்ளுக்கு கதவு நிக்காது, அதுக்குத்தான் அந்தக்காலத்து ஆக்கள் அணைக்கட்டுக்குள்ள கல்லால சதுரக்கிணறு இறக்கி அதுக்குள்ள தண்ணியை மட்டுப்படுத்தி வெளிய விட்டவை, சிங்களத்தில பிசோகொட்டுவ எண்டுவினம். இப்பத்தைய வால்வ் கோபுரத்துக்கு மூத்தது உதுதான் எண்டு எழுதினவர் ஹென்றி பாக்கர், வெள்ளைக்கார இஞ்சினியர். அவர்தான் 1885இல இரணைமடுவுக்கும் பிளான் கீறினது. வேலை துடங்க 1902, முடிய 1920, குளம் வெட்ட வந்த சனம் இருந்த இடம்தான் கிளிநொச்சி டவுண்

மச்சாள்: அட, குளத்துக்குப் பிறகுதான் டவுணோ

பெரியப்பா: ஓம் பிள்ளை. முதல் 40,000 ஏக்கர் அடிதான் பிடிச்சது, அணைக்கட்டை உயர்த்தி உயர்த்தி 77இல 1,06,500. ஒரு ஏக்கர் வயல்ல ஒரு அடிக்குத் தண்ணி கட்டினா அது ஒரு ஏக்கர் அடி, கணக்கைப் பார்

லண்டன் சித்தி: இப்ப திறந்த தண்ணி எங்க போகும் அத்தான்

பெரியப்பா: கனகராயன் ஆத்தால சுண்டிக்குளம் கடனீரேரிக்கு. வயலுக்குள்ள வந்தா கஷ்டம் எனக்குத்தான் தெரியும் 😒

பெரியம்மா: தம்பி கதை காணும், விரால் இருந்தா ரெண்டு வாங்கிவா

தம்பி: ஜப்பான் மீன்தான் (திலாப்பியா) கிடக்கு பெரியம்மா

பெரியம்மா: அப்ப பெரிசாப் பார்