மேட்டூர் நீர்த்தேக்கத்தின் அடியில் இருந்த ஊர்கள்

கேள்வி: மேட்டூர் அணையின் ஸ்டான்லி நீர்த்தேக்கம் உருவானபோது மூழ்கிய ஊர்களைப் பற்றியும், கல்லணை இருக்கும்போது மேட்டூரில் மற்றோர் அணை ஏன் தேவைப்பட்டது என்பதைப் பற்றியும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: கல்லணை தண்ணீரைப் பிரித்து அனுப்புமே தவிரச் சேமிக்காது. ஆகவே வெள்ளக் காலத்தில் காவிரி நீர் கடலுக்குப் போக, பின்னர் பயிர் வாடும் நிலை டெல்டாவில் அடிக்கடி ஏற்பட்டது. 1924-இல் மைசூர் அரசும் சென்னை மாகாண அரசும் உடன்படிக்கை செய்துகொண்ட பிறகே, 1925-இல் மேட்டூர் அணைப் பணி தொடங்கி 1934-இல் நிறைவுற்றது. அப்போதைய ஆளுநர் ஸ்டான்லியின் பெயர் நீர்த்தேக்கத்துக்குச் சூட்டப்பட்டது. மக்கள் வாயில் அது என்றும் மேட்டூர் அணைதான்.

மறுமொழி 2: அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி), முழு நீர்மட்டம் 120 அடி.

மறுமொழி 3: மூழ்கிய ஊர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீர்மட்டம் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில், பண்ணவாடிப் பக்கம் முதலில் பழைய தேவாலயத்தின் கோபுரமும், பின்னர் ஜலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும் வெளிப்படுகின்றன. வெடித்துக் கிடக்கும் வண்டல் நடுவே, ஈரக்கறை படிந்த அந்த நந்தியை நேரில் கண்டபோது, டெல்டாவின் நெல்லுக்காகத் தம் நிலத்தையும் வழிபாட்டிடத்தையும் விட்டுச் சென்றவர்களை நினைத்து நெடுநேரம் நின்றேன். டெல்டா பாசனத்துக்காக வழக்கமாக ஜூன் 12 அன்று மதகு திறக்கப்படும்போது அவர்களையும் நாம் நினைவுகூர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.