நெஞ்சில கை வைக்கச் சொன்னால் அழுகை கூடுது, என்ன செய்யலாம்?

குளக்கட்டு (கிளிநொச்சி):
மாதர் சங்கத்தில மாதம் ஒருக்கா 30 நிமிச அமர்வு நடத்திறம். நுண்கடன் கட்டுறவை, காணாமல் ஆக்கப்பட்டவையின்ர தாய்மார், சிறுபோகம் கைவிட்டவை எண்டு வருவினம். கஷ்டமான நேரத்தில தன்னைத்தானே திட்டாமல் ஆறுதலா நடத்திற பயிற்சி சொல்லிக்குடுக்க வேணும். கண்ணை மூடி, நெஞ்சில கை வைச்சு, ஆழமா மூச்செடுத்து, "நான் என்னில அன்பா இருக்கிறன்" எண்டு சொல்ல வைக்கிறம். சிலருக்கு அழுகையும் படபடப்பும் கூடுது, சிலருக்குத் தலை சுத்துது. மற்றவை "இது செல்லம் குடுக்கிற வேலை" எண்டு சிரிக்கினம். எங்க பிழை?

நாவல் நிழல்:
அழுகை வாறதால பயிற்சி பிழைச்சுப்போச்சு எண்டில்லை. இப்பிடித் தன்னோட கனிவா இருக்கப் பழக்கிறதுக்கு உளவியலாளர்கள் கிறிஸ்டின் நெஃபும் கிறிஸ்டோபர் ஜேர்மரும் அமைச்ச 8 வாரப் பாடத்திட்டத்திலயே இதைப்பற்றி எச்சரிக்கை இருக்கு. பூட்டின அறைக்குள்ள புகைஞ்சுகொண்டிருந்த நெருப்பு, கதவைத் திறக்கக் காத்துப் பட்டுக் குப்பெண்டு எரியிற மாதிரி, கனிவு உள்ள போனவுடன பழைய நோவு வெளிய வரும். ஆனால் நீங்கள் தொடங்கிற விதம் இந்தச் சனத்துக்குச் சரிவராது.

கண்ணை மூட வேண்டாம். மூண்டு நாலு அடி தள்ளி நிலத்தில ஒரு இடத்தைப் பாக்கட்டும். மூடினால் போர்க்காலப் பங்கரும் செல் வெடிச்ச சத்தமும் நினைவில வாறவை இருக்கினம்.

நெஞ்சில கை வைக்கிறதும் கட்டாயமில்லை. காயத் தழும்பு உள்ளவை, உள்ளுக்க செல் துண்டு இருக்கிறவை, உடம்பில கை படுறதே பயமாப் போனவைக்கு அது இதமா இராது. ஒரு கையால மற்றக் கையைப் பிடிக்கலாம், மேல்கையை அணைக்கலாம், சூடான தேத்தண்ணிக் கோப்பையைப் பொத்திப் பிடிக்கலாம். அவையே தெரிவு செய்யட்டும்.

தலை சுத்துறதுக்குக் காரணம் அந்த "ஆழமா" தான். தேவைக்கு மேல மூச்செடுத்து விட்டால் இரத்தத்தில காபனீரொட்சைட்டு குறையும், தலை சுத்தும், விரல் நுனி விறைக்கும், அதைக் கண்டு பயம் இன்னும் ஏறும். வழக்கமான மூச்சை 4 எண்ணி எடுத்து 6 எண்ணி விடச் சொல்லுங்கோ. இடையில அடக்கக் கூடாது. 6 தரம், ஒரு நிமிசம் போதும். எண்ண அந்தரப்படுறவை, விடுற மூச்சை மட்டும் நீட்டினால் சரி.

படபடப்பு வந்தால் ஆறுதல் சொல்லை உடன நிப்பாட்டுங்கோ. செருப்பைக் கழட்டி, குதிக்காலை நிலத்தில அழுத்தி, கண்ணுக்குத் தெரியிற 5 பொருளின்ர பேரைச் சொல்லட்டும். அடங்கினால் அண்டைக்கு அவ்வளவும்தான், இன்னொருக்கா எண்டு தள்ள வேண்டாம்.

வேப்பம்பூ:
நான், அமர்வில சொல்ல வைக்கிற வசனங்களைப் பற்றிச் சொல்லுறன். நெஃப் 2003இல எழுதினபடி இதில மூண்டு பகுதி: உள்ளதை உள்ளபடி கவனிக்கிறது, இது மனிசருக்கு வாறதுதான் எண்டு உணர்றது, தன்னோட கனிவா இருக்கிறது.

முதலாவது லேசு. "இப்ப நெஞ்சு அடைக்குது", "தலை முழுக்க ஒரே யோசனை" எண்டு சொன்னால் போதும்.

இரண்டாவதிலதான் வன்னியில சறுக்கும். "எல்லாருக்கும்தானே நடந்தது" எண்டால் இஞ்ச அது ஆறுதலில்லை, வாயை அடைக்கிறது. பக்கத்து வீட்டில நாலு பேர் போயிருக்க, ஒராளை இழந்தவ அழவே வெக்கப்படுவா. ஒப்பிட விடாதேங்கோ. "இப்பிடி நடந்தால் ஆருக்கும் நோகும், எனக்கும் நோகுது" எண்டு சொல்லட்டும்.

காணாமல் ஆக்கப்பட்டவையின்ர தாய்மாரிட்ட "ஏற்றுக்கொள்ளுங்கோ", "விடுங்கோ" எண்ட கதையே வேண்டாம். 2017 பெப்ரவரி 20இல கிளிநொச்சியில தொடங்கின போராட்டத்தில இருக்கிற அம்மாமாருக்கு, ஒரு மணித்தியாலம் படுக்கிறதே பிள்ளைக்குச் செய்யிற துரோகமாத் தெரியலாம். "நான் தேடுறதை விடேல்லை, இப்ப களைச்சுப்போனன்" எண்ட வசனம் அவைக்குப் பொருந்தும்.

மூண்டாவதுக்கு "அன்பா இருக்கிறன்" வேண்டாம், அப்பிடி எங்கட சனம் கதைக்காது. தங்கச்சியின்ர மகள் இதே நிலையில வந்தால் என்ன சொல்லுவியள் எண்டு கேளுங்கோ. "பிள்ளை, இண்டைக்கு இவ்வளவும் காணும், வந்து சாப்பிடு" எண்டு வரும். அதே சொல், அதே குரல், தனக்கு. மனசுக்குள்ள சொன்னாலும் சரி.

பாலைமரம்:
சிரிக்கிறவையோட வாதாடாதேங்கோ, ஆனால் பதில் இருக்கு. 2012இல பிரைன்ஸ், சென் எண்ட ரெண்டு ஆய்வாளர், சோதனையில சறுக்கின மாணவர் தங்களோட கனிவா நடந்தால் என்ன ஆகும் எண்டு பாத்தவை. அடுத்த சோதனைக்கு அவை கூட நேரம் படிச்சினம். தன்னைத் திட்டுறவ கடன் புத்தகத்தைத் திறக்கவே பயப்படுவா, கட்டுற நாளில வீட்டைப் பூட்டிப்போட்டு ஒளிப்பா, தவணை சேரும். அதால கடைசியில ஒரு சின்ன வேலையும் சேருங்கோ: தொகையையும் திகதியையும் எழுதுறது, கதைக்கப் போகேக்க ஒராளைத் துணைக்குக் கூட்டிறது.

ஒண்டு மட்டும். வட்டி மூச்சுப் பயிற்சியால குறையாது. நிம்மதியா இல்லாததும் தன்ர பிழைதான் எண்ட எண்ணத்தோட ஒருத்தியும் வீட்டை போகக் கூடாது.

பழக்கிறதுக்கு 10க்கு 3 அளவு கஷ்டத்தை எடுக்கட்டும்: கறி அடிப்பிடிச்சது, பஸ் விட்டது. இறுதிப் போரை அல்ல. வீட்டில தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்கிற நேரம் ஒருக்காச் செய்தால் மறக்காது.

குளக்கட்டு:
நன்றி. அடுத்த அமர்வு மே 18, முள்ளிவாய்க்கால் நினைவுநாள் கிழமையில வருகுது. நடத்தலாமோ?

நாவல் நிழல்:
நடத்துங்கோ, புதுசா ஒண்டும் தொடங்காதேங்கோ. பாதமும் மூச்சும் மட்டும், பிறகு கஞ்சி. ஆரையும் தனிய அனுப்ப வேண்டாம். ரெண்டு கிழமைக்கு மேல நித்திரையும் சாப்பாடும் இல்லையெண்டால் பயிற்சியோட விடாமல் மாவட்ட வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. சந்தேகமெண்டால் "சாகிற எண்ணம் வருதோ அக்கா" எண்டு நேரடியாவே கேளுங்கோ. கேட்டதால அந்த எண்ணம் புதுசா முளைக்காது. "ஓம்" எண்டால் அண்டைக்கே கூட்டிக்கொண்டு போக வேணும், அதுவரைக்கும் பக்கத்தில ஆள் இருக்க வேணும். தேசிய உளநல நிறுவனத்தின்ர 1926 தொலைபேசி இலக்கத்துக்கு 24 மணித்தியாலமும் எடுக்கலாம்.