ஏலத்துக்கு வரும் 1972 சில்வர் ஷேடோ: பார்வை நாளில் எதைச் சோதிப்பது?

நீலவண்டி
வணக்கம். இங்கிலாந்தில் ஓர் ஏலத்தில் 1972 ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோ வருகிறது. வலப்பக்க ஸ்டீயரிங், 6.75 லிட்டர் வி8. முழுமையாகப் புதுப்பித்தது என்கிறார்கள். படத்தில் பெயின்ட், தோல், மரம் எல்லாம் பளபள. ஆனால் காட்டியிருக்கும் ரசீதுகள் பெயின்ட்டுக்கும் சீட்டுக்கும் மட்டும்தான். பார்வைக்கு ஒரு மணி நேரம். ஓட்ட விடமாட்டார்கள், ஸ்டார்ட் செய்து காட்டுவார்கள். துருவை மறைக்கப் பெயின்ட்டுக்கு அடியில் பூசிய பட்டியைக் கண்டுபிடிக்கக் காந்தம் போதுமா? வேறென்ன பார்க்கலாம்?

குறடு
காந்தம் கதவில் ஒட்டாவிட்டால் பதறாதீர்கள். கதவுகள், பானெட், டிக்கி மூடி எல்லாமே அலுமினியம். மற்ற பாகம் இரும்பு. காந்தத்தை முன், பின் சக்கர வளைவுகளின் விளிம்பிலும், முன் விங்கின் (முன்சக்கரத்தை மூடும் மட்கார்டு பாகம்) அடிப்பகுதியிலும், பின் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் மூலையிலும் வையுங்கள். மெல்லிய துணி சுற்றி வைத்தால் கீறல் விழாது. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ‘சில்’ என்ற இரும்புப் பாகத்தை ஒரு ஸ்டெயின்லெஸ் பட்டை மறைத்திருக்கும். துரு அதற்குப் பின்னால்தான் குடியிருக்கும். படுத்து, டார்ச் அடித்து, அடிவிளிம்பை விரலால் தடவுங்கள். வண்டியின் அடியில் துருத் தடுப்புக்கான புதுக் கறுப்பு அண்டர்சீல் தடிமனாகப் பூசியிருந்தால் சந்தேகப்படுங்கள். இது சேசிஸ் தனியாக இல்லாத வண்டி, பாடிதான் பலம். சில் போனால் அழகு மட்டும் போவதில்லை.

பழைய_பிஸ்டன்
துருவைவிடப் பர்ஸைக் காலி செய்வது ஹைட்ராலிக், அதாவது பிரேக்கையும் பின்பக்க உயரத்தையும் திரவ அழுத்தத்தால் இயக்கும் அமைப்பு. மற்ற வண்டிகளில் பிரேக் மிதிக்கு உதவும் சாதாரண வாக்குவம் பூஸ்டர் இதில் கிடையாது. இரண்டு பம்புகளை எஞ்சினின் கேம்ஷாஃப்ட் இயக்குகிறது. அவை ஏறக்குறைய 2,500 பி.எஸ்.ஐ. அழுத்தத்தை இரண்டு அக்யுமுலேட்டர் (அழுத்தச் சேமிப்பு) உருண்டைகளில் சேர்க்கின்றன. உருண்டைக்குள் ஒரு ரப்பர் டயாஃப்ரம், அதன் மறுபக்கம் நைட்ரஜன். காஸ் கசிந்துபோனால் சேமிப்பு இருக்காது. எஞ்சின் ஓடும்வரை எல்லாம் சரியாகவே தெரியும், நின்றால்தான் குட்டு வெளிப்படும்.

அதனால் இந்தச் சோதனையைக் கட்டாயம் கேளுங்கள். எஞ்சினை நாலைந்து நிமிடம் ஓடவிட்டு, பிரேக் எச்சரிக்கை விளக்குகள் அணைந்ததும் நிறுத்தச் சொல்லுங்கள். இக்னிஷனை மட்டும் மறுபடி போட்டு, பெடலை அழுத்தமாக மிதித்து எண்ணுங்கள். விளக்கு எரிய 50 மிதிக்கு மேல் ஆனால் உருண்டைகள் நல்ல நிலையில் இருக்கின்றன. 20க்குள் எரிந்தால் விரைவில் வேலை. 10க்குள் என்றால் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள், டிரெய்லர்தான். 100 தாண்டியும் எரியவில்லையா? சந்தோஷப்படாதீர்கள், பல்பு செத்திருக்கலாம், இல்லை கழற்றியிருக்கலாம்.

இரண்டாவது, பின்பக்க உயரச் சீரமைப்பு. எஞ்சின் ஓட, கியர் நியூட்ரலில் இருக்க, இரண்டு பேரை டிக்கி விளிம்பில் உட்காரச் சொல்லுங்கள். வண்டி தாழ்ந்து, சிறிது நேரத்தில் தானாக எழ வேண்டும். எழாவிட்டால் குழாயை அடைத்து வைத்திருக்கலாம், புதுப்பித்த லட்சணம் அதோடு தெரிந்துவிடும்.

நீலவண்டி
மிக்க நன்றி. ரிசர்வாயரில் (ஹைட்ராலிக் திரவத் தொட்டி) சாதாரண டாட் 4 பிரேக் திரவம் ஊற்றியிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? அது கெடுதலா?

பழைய_பிஸ்டன்
கண்ணால் முடியாது, என்ன ஊற்றினீர்கள் என்று கேட்கத்தான் வேண்டும். இதற்கு உரியது ஆர்ஆர்363, மசகுத்தன்மை சேர்த்த பிரேக் திரவம். வெறும் டாட் 4 இருந்தால் பம்பும் வால்வும் உலர்ந்து கிறீச்சிடும், தேயும். அதைவிட மோசம் பச்சை நிற மினரல் ஆயில். அது 1980இல் வந்த அடுத்த மாடலான சில்வர் ஸ்பிரிட்டுக்கானது. ஷேடோவில் ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிப்போகும். ரிசர்வாயரின் கண்ணாடிச் சன்னலில் கரும்பழுப்பாகத் தெரிந்தால் நெடுநாள் மாற்றாதது. இது ஈரம் உறிஞ்சும் திரவம், நிறுத்தியே வைத்த வண்டியில்தான் அதிகம் கெடும்.

குறடு
இன்னொன்று, எஞ்சின் பிளாக் அலுமினியம், உள்ளே வெட் லைனர், அதாவது கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) நேராகத் தொடும் தனிச் சிலிண்டர் குழாய்கள். பிளாக்கின் பக்கவாட்டில் சிறு துளைகள் இருக்கும். அங்கே கூலன்ட் கசிந்த தடம் இருந்தால் லைனர் சீல் போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்கும் வேலை. வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டும் ஆட்கள் ஆன்டிஃப்ரீஸைக் (உறைவையும் அரிப்பையும் தடுக்கும் திரவம்) கண்டுகொள்வதில்லை, விளைவு இதுதான்.

ஓரம்போ
கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். 20,000 பவுண்டுக்கு ஏலம் முடிந்து, வாங்குபவர் கமிஷன் 15% என்றால் 3,000, அதன்மேல் 20% வாட் 600. ஆக 23,600. கமிஷன் விகிதம் இடத்துக்கு இடம் மாறும், விதிமுறையில் படியுங்கள். 40 வயது தாண்டிய வண்டிக்கு, பெரிய மாற்றம் செய்யாதவரை, எம்.ஓ.டி. (ஆண்டுதோறும் செய்யும் வாகனத் தகுதிச் சோதனை) கட்டாயமில்லை. அதனால் சான்றிதழ் இல்லாமலே விற்பார்கள். பதிவு எண்ணை அரசுத் தளத்தில் போட்டால் பழைய எம்.ஓ.டி. பதிவுகள் இலவசமாக வரும். துரு பற்றிய குறிப்பு ஏதாவது இருந்து, அதற்கு வெல்டிங் ரசீது இல்லையென்றால், அந்த இடத்தைத்தான் முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள். சேசிஸ் எண் எஸ்ஆர்எச் என்று தொடங்குகிறதா என்பதையும் பாருங்கள், வலப்பக்க ஸ்டீயரிங் உள்ள சாதாரண நான்கு கதவு சலூன் வண்டிக்கு அதுதான். எஸ்ஆர்எக்ஸ் என்றால் இடப்பக்க வண்டியாகப் பிறந்தது, யாரோ மாற்றியிருக்கிறார்கள்.