ப்ளூஸ் கிட்டார் கலைஞர்களின் வானொலி நேரலை: இசைத்தட்டிலிருந்து எங்கே வேறுபடுகிறது?

கேள்வி:
வணக்கம். அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த ப்ளூஸ் இசையின் இசைத்தட்டுகளை நெடுநாளாகக் கேட்டுவருகிறேன். அண்மையில் வானொலிப் பதிவுகளின் பக்கம் திரும்பியபோது, கலைஞரும் பாடலும் அதேதான் என்றாலும், பாடகர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியில் கிட்டார் புகுந்து மறுமொழி சொல்லும் விதம் இன்னும் துணிச்சலாக இருப்பதை உணர்ந்தேன். இது என் செவியின் மயக்கமா, வானொலிக்கென்றே ஒரு வாசிப்பு முறை இருந்ததா?

மறுமொழி 1:
மயக்கம் அன்று. ஆர்கன்சாஸ் மாநிலத்து ஹெலினா நகரின் கேஎஃப்எஃப்ஏ நிலையத்தில் 1941 நவம்பரில் தொடங்கிய 'கிங் பிஸ்கட் டைம்' நிகழ்ச்சியிலிருந்து பார்க்க வேண்டும். ஒரு மாவு வணிக நிறுவனத்தின் விளம்பரத்துக்காக, பருத்திக்காட்டுத் தொழிலாளர்கள் உணவுக்கு அமரும் நண்பகல் வேளையில், சன்னி பாய் வில்லியம்சன் ஹார்மோனிகாவும் ராபர்ட் லாக்வுட் ஜூனியர் கிட்டாரும் நேரலையில் வாசித்தார்கள். தொடக்கத்தில் இருவர் மட்டுமே என்பதால் தாளம், அடிநாதம், இடைவெளிகளை நிரப்பும் சிறு சுரக்கோவைகள் ஆகிய மூன்றையும் லாக்வுட்டின் ஒற்றைக் கிட்டாரே சுமந்தது. ப்ளூஸ் முன்னோடியான ராபர்ட் ஜான்சனிடம் நேரடியாகக் கற்ற அவர், அந்தப் பாடத்தை மின்கிட்டாருக்குக் கொண்டுவந்தார். தவறினால் திரும்ப வாசிக்க வழியில்லாத நேரலையில் தயங்கி வாசிப்பவர் நிலைக்க முடியாது. நீங்கள் கேட்ட துணிச்சல் அங்கே பிறந்தது என்பது என் கணிப்பு.

மறுமொழி 2:
ஒன்றைச் சேர்க்கிறேன். அந்த நிகழ்ச்சியால் கலைஞர்களுக்குக் கிடைத்த பெரும் பயன், அன்றிரவு எந்த ஊரில் வாசிக்கப்போகிறோம் என்பதை ஒலிவாங்கியிலேயே அறிவிக்க முடிந்ததுதான். வயல் வேலைக்கு நடுவே இதைக் கேட்டு வளர்ந்த ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி. கிங், பின்னர் மெம்ஃபிஸின் டபிள்யூடிஐஏ நிலையத்தில் ஒரு மருந்து விளம்பரத்துக்காகப் பாடத் தொடங்கினார். அவர் பெயரிலுள்ள 'பி.பி.'கூட அங்கே வழங்கிய 'ப்ளூஸ் பாய்' என்ற பட்டத்தின் சுருக்கமே. பாடும்போது அவர் கிட்டாரை நிறுத்திவிடுவார், பாட்டு ஓய்ந்ததும் கிட்டார் பேசும். ஆனால் ஹெலினாவின் அந்தத் தொடக்ககால நேரலைகளில் பெரும்பாலானவை பதிவு செய்யப்படாமல் காற்றோடு போய்விட்டதை எண்ணும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

மறுமொழி 3:
நல்ல ஒலித்தரத்தில் கேட்க விரும்பினால் பிரிட்டனின் பிபிசி வானொலிப் பதிவுகளை நாடுங்கள். இசைக்கலைஞர் சங்கத்துடனான உடன்பாட்டின்படி, இசைத்தட்டுகளை ஒலிபரப்பும் நேரத்துக்கு அங்கே வரம்பு இருந்ததால், கலைஞர்களை நிலையத்துக்கே அழைத்து வாசிக்கச் செய்தார்கள். இசைத்தட்டு விற்பனைக்கென அளவெடுத்து வெட்டாத வாசிப்பு நமக்குக் கிடைத்தது அந்த வரம்பினால்தான். 1967 அக்டோபரில் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வந்தபோது, நிகழ்ச்சியை நடத்திய அலெக்ஸிஸ் கார்னரே ஒரு பாடலுக்கு ஸ்லைடு கிட்டார் (கம்பிகளின் மேல் ஒரு சிறு குழாயை வழுக்கி வாசிப்பது) வாசித்தார். முதல்முறை ஹென்ட்ரிக்ஸை மட்டும் கேளுங்கள். மறுமுறை, அவருடைய குரலுக்குக் கீழே வழுக்கிச் செல்லும் அந்த இரண்டாவது கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள்.