பாட்டுப் பாடி ஆற்றைச் சுத்தமாக்க முடியுமா? பீட் சீகர் பற்றி ஒரு கேள்வி

கல்லடிப் பொடியன்:
எங்கள் இளைஞர் கழகம் அடுத்த மாதம் வாவிக்கரையில் சிரமதானம் வைக்கிறது. பொலித்தீனைப் பொறுக்கிவிட்டுப் போனால் ஒரு கிழமையில் பழையபடி வந்துவிடும். பீட் சீகர் என்ற அமெரிக்க நாட்டார் பாடகர் பாட்டாலேயே ஓர் ஆற்றைச் சுத்தமாக்கினார் என்று வாசித்தேன். உண்மையா?

களுவாஞ்சிக்குடி வாத்தியார்:
பாட்டு மட்டும் இல்லை தம்பி, அந்த மனுசன் கப்பலும் கட்டுவித்தார். ஹட்சன் ஆற்றில் முந்தி ஓடிய பாய்க்கப்பல் மாதிரி, 106 அடி நீளம், பெயர் 'கிளியர்வாட்டர்'. 1969இல் தண்ணீரில் இறங்கியது. காசு சேர்த்தது கச்சேரி வைத்து. ஊர் ஊராகக் கரையில் கட்டிப் பாடுவார்கள். அப்புறம் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி ஆற்றைக் காட்டிப் பாடம்.

அதற்கு முதல் அவர் பட்ட பாடு பெரிது. 1955இல் கம்யூனிஸ்ட் வேட்டை நடத்திய காங்கிரஸ் விசாரணைக்குழு கூப்பிட்டது. என் நம்பிக்கையைப் பற்றிக் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை என்றார், ஆனால் என் பாட்டைப் பற்றிச் சொல்கிறேன் என்றார்! அதற்காக 1961இல் ஒரு வருடச் சிறை விதித்தார்கள். மறு வருடம் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. தொலைக்காட்சிக்காரர் பல வருடம் கிட்ட எடுக்கவில்லை. பாஞ்சோ என்ற நரம்பு வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம், கல்லூரி என்று பாடித் திரிந்தார்.

அவருடைய வித்தை என்னவென்றால், அடுத்த அடியை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துச் சபையைப் பாட வைப்பது. கூத்தில் அண்ணாவியார் பாடப் பிற்பாட்டுக்காரர் எடுப்பார்களே, அது போல. அங்கே சனம் முழுக்கப் பிற்பாட்டு.

அக்கரைப்பற்றுக்காரன்:
சேர், ஆற்றைத் திருத்தியது சட்டம். 1972இல்தான் தூய நீர்ச் சட்டம் வந்தது. ஜெனரல் எலக்ட்ரிக் ஆலைகள் 1977 வரை விட்ட பிசிபி நஞ்சை அடியிலிருந்து அள்ளத் தொடங்கியது 2009இல். 2014இல் சீகர் 94 வயதில் கண்ணை மூடும்போதும் அந்த வேலை முடியவில்லை. பாட்டுப் பாடினால் மாநகரசபை குப்பை அள்ளுமா?

களுவாஞ்சிக்குடி வாத்தியார்:
அள்ளாது. ஆனால் சட்டம் வேண்டும் என்று கேட்கச் சனம் வேண்டுமே. கப்பலை வாஷிங்டனுக்கே ஓட்டிக்கொண்டு போனார்கள் அவர்கள்.

கல்லடித் தம்பி, ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டுப் போடாதீர்கள், தலையிடிதான் மிச்சம். சூடடிக்கும் களத்தில் பொலிப்பாட்டுப் பாடின பெரியவர்கள் படுவான்கரையில் இன்னும் இருக்கிறார்கள். ஒருவரைக் கூட்டிவந்து அந்த மெட்டில் வாவியைப் பற்றி நாலு அடி கட்டச் சொல்லுங்கள். கரையில் குப்பை கொட்டுகிற வீட்டுப் பிள்ளைகளையே முதலில் தோணியில் ஏற்றுங்கள்.

கல்லடிப் பொடியன்:
தோணிக்கு மாமாவிடம் கேட்கிறேன் சேர். பாட ஆள் கிடைக்காவிட்டால் உங்களைத்தான் பிடிப்போம்.